பென் டிரைவில் ஏறாத வயலின்

இரண்டு வருடத்துக்கு முன், சங்கரன்கோவிலில் எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் கூனிக் குறுகிப் போகிறேன்.

பாடகர் குழுவுக்குக் கம்ப்யூட்டரில் இசை கோர்த்துத் தருவது என் பொறுப்பு. 'மிடி' என்று ஒரு முறை. ஆரம்பத்தில் வயலின்கூடப் பொம்மைக்கடை ஊதல் மாதிரிதான் கேட்டது. விட்டேனா? நிஜ வயலினையும் புல்லாங்குழலையும் ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்து வைத்திருக்கும் ஒலித் தொகுப்புகளைத் தேடிப் பிடித்து, மெல்ல வாசித்தது, அழுத்தி வாசித்தது என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தினேன். மூன்று மாத வேலை. ஒத்திகைக்கு வீட்டுக்கு வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாடுகிறவர்களுக்குத் தொண்டை கட்டினால் கடைசி நேரத்தில் சுருதியைக் குறைத்துக்கொள்ளலாமே என்று, மிடி ஃபைலை அப்படியே பென் டிரைவில் கொண்டுபோய் மைக் போடும் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். ஆலய லேப்டாப்பில் போட்டார். பழைய பொம்மை ஊதலேதான் வந்தது. பாடகர்கள் திணறினார்கள். பின் பெஞ்சில் சிரிப்பு.

ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் முன்னாலேயே கத்தினேன். "லேப்டாப்ப என்னத்தையோ நோண்டி வச்சிருக்கிய அண்ணாச்சி! மூணு மாசப் பாடு போச்சு!"

"நீங்க குடுத்ததத்தான் போட்டேன் தங்கச்சி. வேற ஒண்ணும் தொடல."

யார் கேட்டார்கள்? நான் படித்தவளாயிற்றே! அடுத்த ஞாயிறு மைக் அருகே வேறு ஆள் நின்றார். அண்ணாச்சி பன்னிரண்டு வருடம் பார்த்த வேலை அது.

புத்தாண்டு கழிந்து, அதே பென் டிரைவைத் தம்பியின் லேப்டாப்பில் செருகினேன். அங்கேயும் ஊதல். அப்போதுதான் உறைத்தது. மிடி ஃபைலில் எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற குறிப்புதான் இருக்கும், ஒலி இருக்காது. நான் சேர்த்த வயலினெல்லாம் என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இருந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது.

உடனே சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் தள்ளினேன். கடைசியில் செக்ரட்டரியிடம் சொன்னபோது, "இனி எதுக்கும்மா அதக் கிளறிக்கிட்டு? புது ஆளு வந்தாச்சுல்லா" என்று முடித்துவிட்டார்.

அண்ணாச்சி சிவகிரியில் மிக்ஸி பழுது பார்க்கும் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தேடிப் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கைவேலையை நிறுத்தவில்லை.

"அன்னைக்கே எனக்குத் தெரியும் தங்கச்சி. ஃபைலு அம்புட்டுச் சின்னதா இருந்துச்சு, அதுல எங்கன வயலின் இருக்கும்? எல்லாரு முன்னாலயும் சொன்னா உங்களுக்கு அசிங்கம்னு விட்டேன். நீங்களே போயி சொல்லுவியன்னு இருந்தேன்."

தெரியாமல் கத்தியதைக்கூட என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.