சாட்சிக்கு இரண்டு பேர்

இன்று காலை சங்கரன்கோவில் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். நான் பளியர் பழங்குடி என்பதற்கான இனச்சான்று மழையில் நனைந்து பாழாகிவிட்டது, புதிதாக வாங்க வேண்டும்.

கவுண்டரில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பளியர்னா மலையில தான இருப்பாங்க?"

"எறங்கி வந்து நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு தம்பி."

"அப்பம் ஒங்களத் தெரிஞ்ச ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணும் ஆச்சி. கூட யாரும் வரலியா?"

யாரும் வரவில்லை.

எண்பதுகளில் இதே ஆபீசுக்குக் கூலிப் பேச்சுவார்த்தைக்கு வந்தேன். புளியங்குடிப் பக்கத்துக் கிராமங்களில் எலுமிச்சை பறிக்கும் பெண்களின் சங்கத்துக்கு நான்தான் தலைவி. வாசல் கொள்ளாத கூட்டம். அதிகாரி எரிந்து விழுந்தார். "இத்தன பேரு எதுக்கும்மா? ஒரு ஆளு மட்டும் உள்ள வாங்க."

என்னோடு எலுமிச்சை பறிக்கும் மாடத்தி என் முதுகைத் தள்ளிவிட்டாள். "ஏட்டி, நீ போ. நாங்க இங்கனயே நிக்கோம்."

சாயங்காலம் வரை நின்றார்கள். கூலி உயர்ந்தது. அடுத்த தேர்தலில் அவர்களே என்னை ஒன்றியக் கவுன்சிலராகவும் ஆக்கினார்கள்.

மாடத்தி இறந்து பல வருடம் ஆகிறது. மற்றவர்கள் பிள்ளைகளோடு திருப்பூர் போய்விட்டார்கள்.

இன்று வெளியே வந்ததும், பழைய பழக்கத்தில், எல்லோரிடமும் விவரம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். வாசலில் பைக்குகள்தான் நின்றன.

அன்றைக்கு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுங்கள். இந்த முறை இரண்டு பேரை உள்ளே விடுவார்களாம்.