அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த புள்ளி

மழையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, புசல்லாவையிலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்கு கிளினிக் போனோம். மறுபடி அவள் மலை ஏறுவாளா என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே கவலை. காலுக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது என்று கேள்விப்பட்டு, வகுப்பில் சிங்களத்துக்கு முதலாவதாக வரும் என்னை அப்பா அவளோடு அனுப்பியிருந்தார். அன்றைக்கு எனக்கிருந்த தலைக்கனத்தைச் சொல்லி முடியாது.

மிஸ் ஒரு தாளை எடுத்தார். கஷ்டமில்லாமல் செய்தால் நாலு புள்ளி, செய்யவே முடியாவிட்டால் சைபர் என்றார். புள்ளி என்ற சொல் மட்டும்தான் என் காதில் ஏறியது. எங்கள் வகுப்பில் சைபர் எடுத்தால் உட்காரும் வாங்கின் மேல் ஏறி நிற்க வேண்டும். வலிக்கிற காலோடு அம்மா எப்படி ஏறுவாள், பாவம்?

அறைக்கு அறை நடக்க முடியுமா என்றார். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்ததே ஒரு அறை, அதில் என்ன கஷ்டம்? நாலு. குளியல் தொட்டியில் இறங்கி ஏற முடியுமா? தொட்டியே இல்லை, அதற்கும் நாலு. அம்மாவை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடு பள்ளத்தில் ஓட முடியுமா என்றபோதுகூட, "அம்மா ஓடுவாங்க" என்று சிங்களத்தில் அடித்துச் சொன்னேன். அம்மா முழங்காலைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு புள்ளி என்றால் இனி வரவே தேவையில்லையே என்றார் மிஸ். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் கதிரையிலிருந்து எழும்பிக் காட்டச் சொன்னார். அம்மா இரண்டு தரம் முயன்று, மூன்றாம் தரம் மேசையைப் பிடித்து எழுந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

மிஸ் திட்டவில்லை. புதுத் தாள் எடுத்து, "இந்த முறை அம்மாவைக் கேட்டுச் சொல்லு மகள். குறைஞ்ச புள்ளி வந்தாத்தான் நான் எங்கே தொடங்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார். எங்கே குளிப்பீர்கள் என்று விசாரித்து, தாளில் தொட்டிக் கேள்வியை வெட்டிவிட்டு, தண்ணீர் விழும் பீலிக்குப் போகும் படிகளை எழுதிக்கொண்டார். சைபரும் ஒன்றுமாக வந்தது. திரும்பும் வழியில் கம்பளை வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

மாதாமாதம் புள்ளி ஏறியது. நாலாம் முறை நான் வாய் திறக்குமுன்னே அம்மா, பீலிப் படியில் வாளித் தண்ணீரோடு ஏறிவிட்டதாகக் கணீரென்று சிங்களத்தில் சொன்னாள். அடுத்த மாதம் மலைக்குப் போய்ப் பாருங்கள் என்றார் மிஸ். எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. கடைத்தெருவில் பேசிப் பேசியே பழகிய சிங்களமாம்!

முதல் நாள் ஏன் பேசாமல் இருந்தாய் என்று பஸ்ஸில் சண்டைக்குப் போனேன்.

"அம்மா ஓடுவாங்கன்னு நீ சொன்னியே பாப்பா, அதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருந்துச்சு" என்றாள்.

என்னைக் கேலி பண்ணுகிறாள் என்று நினைத்து, புசல்லாவை வரும்வரை நான் அவளோடு பேசவேயில்லை.