கண்டெய்னர் வரிசைக்கு இந்தப் பக்கம்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்று வளர்த்தது ஐந்து. இப்போது வளர்ப்பது மகள் வயிற்றுப் பேத்திகள் இரண்டு. யாரிடமும் கைகட்டி நின்று பழக்கமில்லாதவள் நான். சபையில் என்னோடு முழங்கால் போடுகிறவர்களுக்கு அது தெரியும். அப்படிப்பட்டவளைக் கர்த்தர் ரோட்டோரத்தில் நடுங்க வைத்து, பிறகு தேற்றினார். அதைச் சொல்கிறேன்.

போன வருஷம் கடற்கரைப் பக்கத்து வாடகை வீட்டை விட்டு எர்ணாவூர் குடியிருப்புக்கு வந்தோம். பெரியவள் ஜெனிபர் ஆறாம் வகுப்புக்கு இந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே ஒன்றாம் வகுப்பிலிருந்து உண்டு. ஆனாலும் சின்னவள் ஷீபா, இரண்டாம் வகுப்பு, பழகிய இடம் என்று பழைய பள்ளியிலேயே இருந்தாள். நடுவில் துறைமுக ரோடு.

அந்த ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் இறங்கி டீ குடிப்பார்கள். நிற்கிற வண்டிதானே என்று எங்கள் ஜனங்கள் இரண்டு லாரிக்கு நடுவே நுழைந்துதான் தாண்டுவார்கள். மகள் விடியுமுன்னே இறால் கம்பெனிக்குப் போய்விடுவாள். மருமகன் கடலில். ஜெபத்துக்கு மடங்குகிற என் முட்டி ரோட்டில் மடங்காது. அக்காதான் தங்கச்சியை அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவாள்.

ஆடி மாதம் ஒரு காலை, இருவரும் நடுவே நுழைந்ததும் வரிசை நகர்ந்தது. ரோட்டோரம் நின்ற நான் கையை ஆட்டினேன். கிளீனர் பையன் கதவில் ஓங்கித் தட்டினான்.

"அண்ணே, பிரேக்கு போடு, புள்ளைங்க கீது."

லாரி குலுங்கி நின்றது. ஷீபாவின் சோற்று டப்பா சக்கரத்தடியில் அப்பளமாகிக் கிடந்தது. அன்றோடு குழந்தையின் சத்தம் அடங்கிவிட்டது. எது வேண்டுமானாலும் காதோடுதான் சொல்வாள்.

அக்கா பள்ளிக்கே மாற்றிவிடலாம் என்று பழைய பள்ளியில் டி.சி. கேட்டேன். தலைமை ஆசிரியை நல்லவர்தான்.

"ஆயா, ஏற்கெனவே புள்ளைங்க கம்மி. இவளும் போனா ஒரு டீச்சரைத் தூக்கிடுவாங்க. மத்ததுங்களுக்கு யாரு பாடம் எடுக்கறது?"

ஜெனிபர் பள்ளி ஆபீசிலோ, டி.சி. இல்லாமல் வராதே என்று சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். ஆண்டவரே, அந்த அம்மா மனசை இளக்கும் என்று தினமும் கேட்டேன். இளகவில்லை.

காலையில் ரோட்டோரம் நின்று, ஜெனிபர் திரும்பி வரும்வரை உதடு அசைய ஜெபிப்பேன். டீக்கடைக்காரர் சிரிப்பார்.

"இன்னா ஆயா, லாரிக்கு மந்திரம் போட்டுகினு கீற?"

"ஜெபம் நைனா. உனக்கும் சேர்த்துதான். டீயில தண்ணிய கொறைச்சு ஊத்து."

தங்கச்சியை விட்டு வருவதால் ஜெனிபர் பள்ளிக்குத் தினமும் லேட். வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். வீம்பு பிடித்தவள், என் ரத்தம், காரணம் சொல்லவில்லை. ஒருநாள் அவள் பள்ளித் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அதட்டியபோதுதான், "தங்கச்சிய ரோடு தாண்டி வுட்டுட்டு வரேன் மிஸ்" என்று வாயைத் திறந்திருக்கிறாள்.

மறுநாள் காலை என் பக்கத்தில் ஒரு அம்மா வந்து நின்றார். யாரோ என்று நினைத்தேன்.

"டெய்லி இப்படித்தான் நுழைஞ்சு போவாங்களா?"

"வேற வழி ஏதும்மா."

சொல்லும்போதே வரிசை உறுமியது. பிள்ளைகள் இன்னும் உள்ளே. நான் கண்ணை மூடி இயேசுவே என்றேன். திறந்தபோது இருவரும் அந்தக் கரையில் நின்றார்கள். அந்த அம்மா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் ஜெனிபர் ஸ்கூல் எச்.எம். நாளைக்கே சின்னவளைக் கூட்டிட்டு வாங்க. டி.சி. பின்னாடி வரட்டும். அந்த மேடம்கிட்ட நான் பேசறேன்."

அப்படியே நடந்தது. நான் ஒரு கதவையே தட்டிக்கொண்டிருந்தேன். கர்த்தரோ, பிள்ளை வெளியே நின்ற அந்த லேட்டைக் கொண்டே இன்னொரு கதவைத் திறந்தார். இப்போது அக்காளும் தங்கையும் ஒரே வாசலில் நுழைகிறார்கள். ரோட்டைத் தாண்டுவதில்லை. இப்போதும் காலையில் முழங்கால் போடுகிறேன், அந்தப் பழைய பள்ளியின் டீச்சரை எடுத்துவிடக் கூடாது என்று. அங்கே இன்னும் தாண்டிப் போகிற பிள்ளைகளுக்காகவும்.

பயத்தோடு இதைக் கேட்கிறவர்களே, நடுங்கிக்கொண்டே கூட ஜெபிக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். அவர் கேட்டார்.

சபையில் வாசிக்க, நான் சொல்லச் சொல்ல ஜெனிபர் எழுதினாள். ஷீபா, நீ வா. ஆயா எழுத்துக் கூட்டினா பொழுது போயிடும், அக்கா எழுதினத நீ படி. காதாண்ட வேணாம் கண்ணு. லாரி சத்தத்துக்கு மேல ஆயாவுக்குக் கேக்கணும்.