என் மகளைப் பறித்த கப்பல்காரன்

ஐம்பதுகளின் தொடக்கத்தில், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் கணவருக்கு நான்தான் மதியச் சோறு கொண்டுபோவேன். ஒருநாள் ராயபுரம் பக்கத்து வாசலில், எட்டு மாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்நியக் கப்பல்காரன் ஒருவன் ஓடிவந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். பின்னால் ஏதோ இடிவதுபோல் சத்தம் கேட்டும் திரும்பாமல் அவனைத் துரத்தினேன். எட்டிப் பிடித்ததும் தூக்குச்சட்டியால் முகத்திலேயே அடித்தேன்.

நெற்றியில் ரத்தம் வழிய, அவன் குழந்தையை அணைத்தபடி, “ஆகவ், ஆகவ்” என்று என் பின்னால் கைகாட்டினான்.

நான் நின்ற இடத்தில், லாரியிலிருந்து சரிந்த மரக்கட்டைகள் குவிந்து கிடந்தன.

கப்பல்களில் சமையல் வேலை பார்த்த பாய் ஒருவர் அவனிடம் பேசிவிட்டுச் சொன்னார்: “பிலிப்பைன்ஸ்காரன்மா. அவங்க பாஷைல ஆகவ்னா புடுங்கறது. பர்ஸைப் புடுங்கினாலும் அதான், சாவு கைலேர்ந்து புடுங்கினாலும் அதான். உன்னக் கூப்புட அவனுக்கு பாஷை தெரில. புள்ளயப் புடுங்கினா நீயும் பின்னாடியே ஓடியாருவேன்னு நெனச்சிக்கீறான்.”

முந்தானையைக் கிழித்து அவன் நெற்றியில் கட்டினேன். மன்னிப்புக் கேட்க எனக்கும் பாஷை இல்லை. குழந்தையை மறுபடி அவன் கையில் கொடுத்தேன். அவள் அவன் மூக்கைப் பிடித்து இழுத்தாள், அவன் சிரித்துவிட்டான்.

அவள் வளர்ந்து பள்ளிக்கூடமும் போனாள். தெரியாத முகம் அருகில் வந்தாலே பிள்ளையை இறுக்கிக்கொள்ளும் பழக்கம், எனக்கு அன்றோடு போயிற்று.