பட்டினி கிடக்காத தொட்டி

மேலாளர் கிளம்பிப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. சாய ஆலையின் கடைசி இயந்திரம் அன்று காலையில்தான் நின்றது. வெளிநாட்டிலிருந்து முதல் போட்டவர்கள், தங்கள் ஊரில் வட்டி கிடுகிடுவென்று ஏறியதும் பணத்தைச் சுருட்டிக்கொண்டார்கள். நாணய மதிப்பு சரியாமல் பிடிக்க இங்கேயும் மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. கடன் வாங்கி ஆலையை எடுத்து நடத்த உள்ளூரில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

கழிவுநீர்த் தொட்டிகளைப் பராமரித்து வந்தவளிடம் மேலாளர் சாவிக்கொத்தைக் கொடுத்தார். சாயக்கழிவைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் நுண்ணுயிர்கள் அந்தத் தொட்டிகளில்தான் வாழ்ந்தன.

"கழிவு வரலன்னா அதுங்க பட்டினியில செத்துடும். விட்டுடுங்கக்கா. யாராவது வந்தா புதுசா வளத்துக்கலாம்" என்றார்.

வளர்க்கலாம்தான், ஆனால் மாதக்கணக்காகும். அதுவரை எந்த முதலாளி காத்திருப்பான்? ஒன்று வேறு ஊருக்குப் போவான், இல்லாவிட்டால் சாயத்தை அப்படியே ஆற்றில் விடுவான். ஆற்றின் நிறத்தைப் பார்த்தே ஆலையில் என்ன துணி ஓடுகிறதென்று ஊர் சொன்ன காலத்தை அவள் மறக்கவில்லை.

ஒரு தொட்டியை மட்டுமாவது காப்பாற்றுவது என்று முடிவெடுத்தாள். தொழிற்பேட்டைச் சங்கத்தில் போய் உட்கார்ந்து, காற்று ஊதும் சின்ன இயந்திரத்துக்கு மின்சாரம் வாங்கினாள். தீனி அடுத்த தெரு பிஸ்கட் கம்பெனியில் கிடைத்தது. மாவும் சர்க்கரையும் கலந்த கழுவுநீரை எங்கே கொட்டுவதென்று அவர்கள் விழி பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பீப்பாய்களில் ஏற்றி வந்தது அவள் கணவரின் சரக்கு ஆட்டோ.

"கட்டுன புருஷன் சாப்பிட்டானான்னு கேக்க ஆளில்ல. கிருமிக்கு வேளாவேளைக்கு விருந்து" என்பார் அவர், பீப்பாயை உருட்டியபடியே.

"அதுங்க சாப்பிட்டுட்டு குறை சொல்றதில்லையே" என்பாள்.

முதலில் அளவு தெரியாமல் அள்ளிக் கொடுத்துவிட்டாள். தொட்டி பொங்கி, நுரை சுவர் தாண்டிச் சாலைக்கு வந்தது. பேட்டையே கூடி நின்று சிரித்தது. 'நுரைக்காரி' என்ற பெயர் அன்று ஒட்டிக்கொண்டது. பிறகு கை அளவு அறிந்தது. சாயத்தின் ருசி மறந்துவிடாதபடி, கிடங்கில் மிஞ்சிய சாயத்திலும் தினம் கொஞ்சம் கரைத்து ஊற்றினாள்.

வட்டி இறங்கிய பிறகு இன்னொரு நாட்டுக் கம்பெனி ஆலையைப் பார்க்க வந்தது. முதல் நாளிலிருந்தே தண்ணீர் சுத்தமாக வெளியேற வேண்டும், இல்லையென்றால் வேறு ஊர் என்றார்கள். நுரைக்காரி அவர்களைத் தொட்டியருகே அழைத்துப் போனாள். பழுப்பாகச் சுழன்றுகொண்டிருந்த தண்ணீரில் ஈர மண்ணின் வாசம் வந்தது. சிறிதாகத் தொடங்க அந்த ஒரு தொட்டி போதும், அதன் சேற்றையே விதையாகப் போட்டு மற்றவற்றிலும் வளர்த்துவிடலாம் என்றாள்.

ஆலை திறந்தது. யார் வந்தாலும் போனாலும் தொட்டிகள் சங்கத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதவைத்த பிறகுதான் அவள் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

வெகுகாலம் கழித்து அவள் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. கணவரை உரக்கப் படிக்கச் சொன்னாள். முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"அக்கா, பழைய மேலாளர்தான். இங்க புது ஆலை தொடங்குறோம். விதைக்கு உங்க தொட்டிச் சேறு ஒரு டேங்கர் கிடைக்குமா?"