சவரியாயி சொல்லாத பெயர்

இலங்கை மலையகத்தில், தெமோதரை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவம் சவரியாயியின் ராஜ்யம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விடியலில் கைப்பிள்ளைகளை அவளிடம் போட்டுவிட்டு மலையேறுவார்கள். தகரக் கூரை, சிமெந்துத் தரை, வரிசையாகத் தொங்கும் சாக்குத் தொட்டில்கள், மூலையில் ஒரு அடுப்பு. அவ்வளவுதான். ஆனால் பெரிய கங்காணியே வந்தாலும் அங்கே சவரியாயி காட்டிய இடத்தில்தான் நிற்க வேண்டும். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் இருமினால் அவருக்கும் ஏச்சு விழும்.

வரிசை வீடுகளான லயத்தில் அவள் ஒருத்திதான் வேதக்காரி; மற்றவர்கள் மாரியம்மனைக் கும்பிட, இவள் மாதாவைக் கும்பிடுவாள். மாரியம்மன் திருவிழாவில் கரகம் போகும்போது தன் ஒற்றை அறைக் காம்பரா வாசலிலேயே நின்று பார்ப்பாள். பொங்கலை வாங்கிக்கொள்வாள், விபூதியை வாங்கமாட்டாள்.

"திங்கிற சாமி மட்டும் போதுமாக்கா ஒங்களுக்கு?" என்று பக்கத்துக் காம்பரா ராசம்மா கேலி செய்வாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பதுளைக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு வருவாள். அங்கே உத்தியோகத்தர் வீட்டு அம்மாமார் முன்வரிசையில் இருக்க, இவள் கதவோரம் நிற்பாள். தோட்டத்தில் வேதக்காரி, கோயிலில் தோட்டக்காரி. இரண்டு இடத்திலும் அரை ஆள்தான். அவளை முழு ஆளாகப் பார்த்தது அவள் மகள் மதலேனா மட்டும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷக் கடைசியில், மூன்று வயது நிறைய இருந்த நேரம், அந்தப் பிள்ளை தொண்டை அடைத்துச் செத்துப்போனது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கென்று தைத்து வைத்திருந்த சிவப்புச் சட்டையைப் போட்டு, கொட்டும் மழையில், தோட்டத்துப் புதைகாட்டில் அவசர அவசரமாக அடக்கம் செய்தார்கள். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்ததைச் சவரியாயி பார்த்தாள். பார்க்காமலிருந்திருந்தால் நல்லது. அடுத்த வருஷம் புருஷன் அந்தோணிமுத்தும் போய்ச் சேர்ந்தான்.

இனி அவள் செய்துவந்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு எந்த வேதக்காரரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், அந்தப் பிள்ளை நேரே மோட்சத்துக்குப் போகும் என்று பங்குச் சாமியார் சொல்லிக் கொடுத்திருந்தார். மடுவத்தில் பிள்ளைகள் சாவது அந்தக் காலத்தில் புதுமையில்லை. கண் செருகிவிட்டது என்று கண்டால் சவரியாயி சிரட்டையில் தண்ணீர் எடுத்து நெற்றியில் ஊற்றி, ஒரு பெயர் வைத்து, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து என்று முணுமுணுத்துவிடுவாள். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். பெற்றவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் லயத்தில் இருக்கவிடுவார்களா?

அப்படித் தண்ணீர் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் செத்தன. ஒன்றைத் தவிர. அது ராசம்மாவின் மகள் தனலெட்சுமி. கைப்பிள்ளையாக இருக்கும்போது ஜன்னி கண்டு விறைத்துப்போனது. அவசரத்தில் எந்தப் பெயரும் நினைவுக்கு வராமல் சவரியாயியின் நாக்கில் வந்தது மதலேனா. பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றியதும் பிள்ளை கண்ணைத் திறந்து அவளையே பார்த்தது. மாலையில் தாயிடம் பால் குடித்தது. அன்றைக்கெல்லாம் சவரியாயி கையிலிருந்து செபமாலையை இறக்கவில்லை.

தனத்துக்கு மூன்று வயதாகும்வரை ஒன்றும் இல்லை. ஒருநாள் பனி மூட்டம் மலையிலிருந்து இறங்கி மடுவத்து வாசலை மூடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாம் தூக்கம். சவரியாயி அடுப்படியில் உட்கார்ந்து, செத்த மகளுக்காக ஒரு மங்கள வார்த்தை செபத்தை வாய்க்குள் சொல்லி, கடைசியில் அவள் பெயரையும் சொன்னாள். மூச்சளவு சத்தம்தான்.

"என்னம்மா?" என்றது ஒரு குரல்.

தனம் தொட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தது. மடுவத்துப் பிள்ளைகள் எல்லாம் அவளை ஆயா என்றுதான் கூப்பிடும்.

"என் செவப்புச் சட்ட நனஞ்சிருச்சும்மா. குளிருது."

தனத்துக்குச் சிவப்புச் சட்டை கிடையாது. சவரியாயி ஓடிப்போய்ச் சிலுவை போட்டிருக்க வேண்டும், சாமியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் என்ன செய்தாள் என்றால், பிள்ளையை வாரி எடுத்து அடுப்பருகே வைத்து, கால்களைத் தேய்த்துச் சூடாக்கினாள். செத்தவர்கள் கடைசி நாளில்தான் எழுந்து வருவார்கள் என்று விசுவாசப் பிரமாணம் சொல்லும் வாய்தான் அது. ஆனால் மடியில் இருந்த கனம் அவளுக்குத் தெரிந்த கனம். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம்.

அதற்குப் பிறகு யாரும் இல்லாத நேரமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளையும் ஓடி வந்தது. தொண்டை வலிக்கிறது என்றது. அப்பா எங்கே என்று கேட்டது. வீட்டுக்குப் போனால் ராசம்மா பிசைந்து ஊட்டும் சோற்றைத் தொடாது, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். நாள் போகப்போக மடுவத்திலும் சாப்பாடு இறங்கவில்லை. கை கால் குச்சியாகி, கண் மட்டும் பெரிதானது. இதைச் சவரியாயி பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டேதான் கூப்பிட்டாள்.

தோட்டத்து டிஸ்பென்சர் கனகசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர், பிள்ளையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏன் சாப்பிடுதில்லை எண்டு எனக்கு விளங்கேல்லை," என்று மருந்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

ராசம்மா பசறையிலிருந்து பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். லயத்தின் முன் திண்ணையான இஸ்தோப்பில் உடுக்குச் சத்தம் கேட்டதும் சவரியாயி தன் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோடாங்கி பிள்ளையிடம் "யாரு நீ?" என்று கேட்டதும், பிள்ளை பதில் சொன்னதும் பலகைச் சுவர் வழியாக அவளுக்குக் கேட்டது. லயத்தில் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். அந்தப் பிள்ளையைப் புதைகாட்டுக்குத் தூக்கிப் போனவர்கள்தானே.

ராசம்மா வந்து கதவைத் தட்டினாள். கோபமாக வந்திருந்தால் சவரியாயி தாங்கியிருப்பாள். ஆனால் வந்தவள் காலில் விழுந்தாள்.

"அக்கா, ஒங்க மகதான் வந்திருக்கு. பாவம், அதுக்கும் எடம் தெரியல. பெத்தவ வாயால மூணு தரம் போன்னு சொன்னா போயிருமாம். வந்து சொல்லுங்கக்கா. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"எனக்கும் ஒண்ணுதாண்டி இருந்துச்சு," என்று சவரியாயியின் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். கோடாங்கி முன்னால் போய் நிற்பது பாவம் என்பதும் தெரியும். தண்ணீர் ஊற்றியது யார் என்பதும் தெரியும். எழுந்து போனாள்.

பிள்ளை பாயில் கிடந்தது. சுற்றி மஞ்சள் தண்ணீர், எலுமிச்சம்பழம், சாம்பிராணிப் புகை. வெளியே மூட்டம் இஸ்தோப்புத் தூண்வரை வந்து நின்றது.

"சொல்லு தாயி," என்றார் கோடாங்கி.

"போ," என்றாள் சவரியாயி.

"அம்மா, மழ பெய்யுது," என்றது பிள்ளை.

சவரியாயி ராசம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் தரமும் சொன்னாள். பிள்ளை பாயிலிருந்து கையை நீட்டியது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தரம் அவள் சொன்னது:

"போயிட்டு வா கண்ணு."

உடுக்கு நின்றது. வாசல் தாண்டுகிறவர்களை வெறுமனே போ என்று சொல்லி யார் அனுப்புகிறார்கள்? மாலையில் மடுவத்து வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் அப்படித்தான் அனுப்புவாள். எத்தனை வருஷப் பழக்கம். வாய் தவறியதா, மனசுதான் சொல்லியதா என்று அவளுக்கே கடைசிவரை தெரியவில்லை. ராசம்மா "ஐயோ அக்கா!" என்று அலறினாள்.

தனம் எழுந்து உட்கார்ந்தது. சுற்றிலும் பார்த்து, தாயிடம் தவழ்ந்து போய், "பசிக்குது," என்றது. சவரியாயியை மற்றப் பிள்ளைகள் பார்ப்பது போலப் பார்த்தது.

கோடாங்கி சாமான்களைக் கட்டினார். போகும்போது அவளைத் தனியே அழைத்துச் சொன்னார்: "இந்தப் புள்ளைய விட்டுருச்சு தாயி. ஆனா நீ வரச் சொல்லிட்ட. வெளிய நிக்கும். இனி அந்தப் பேரு ஒன் வாயில வந்துச்சுன்னா, ஒம் பக்கத்துல எந்தப் புள்ள இருக்கோ அதுல ஏறிக்கிரும். நாள் பூராவும் புள்ளைங்களோட கெடக்குறவ நீ. பாத்துக்க."

நம்பினாளா என்று கேட்டால், பதுளைக் கோயிலில் முழங்காலில் இருக்கும்போது நம்பவில்லை. மடுவத்தில் மூட்டம் இறங்கும்போது நம்பினாள். எப்படியானாலும் பெயரைச் சொல்லவில்லை. செபத்திலும் சொல்லவில்லை. தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று மடுவத்தில் கண் அசருவதையே விட்டாள். சில நாள் பிற்பகலில் பிள்ளைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்க, காற்றில்லாமலேயே வாசல் கதவு மெல்ல உள்ளே தள்ளும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி இருப்பாள்.

லயத்தார் அவளை விரட்டுவார்கள் என்றுதான் நினைத்தாள். மறுநாள் விடியலில் முதல் ஆளாக ராசம்மா தனத்தைக் கொண்டுவந்து விட்டாள். "நீங்க சொல்ல மாட்டீங்கக்கா," என்றாள். அவ்வளவுதான். அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். அந்த வருஷத் திருவிழாவில் கரகம் அவள் வாசலிலும் நின்று போனது.

வருஷங்கள் ஓடின. தனம் வளர்ந்து தானே கொழுந்துக் கூடை தூக்கும் வயதுக்கு வந்தாள். ஒரு நவம்பரில், ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சவரியாயி பதுளைக்குப் போனாள். கோயிலில் ஒரே கூட்டம், எங்கு பார்த்தாலும் பிள்ளைகள். பூசைக்கு முன்னால் செத்தவர்களின் பெயர்களைக் கேட்டு வந்தார் புதிதாக வந்திருந்த சாமியார். பூசையில் அந்தப் பெயர்களுக்காக மன்றாடுவார்கள்.

"அந்தோணிமுத்து, எம் புருசன்," என்றாள்.

"வேற யாரம்மா?"

அவள் செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"பிள்ளைங்க யாராவது இறந்திருக்காங்களா?"

பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொன்னால் மன்றாட்டு கிடைக்கும், பிள்ளை மழையிலிருந்து கரையேறும். அவள் இடுப்பளவில் நாலைந்து குழந்தைகள் நெருக்கிக்கொண்டு நின்றன.

"எனக்குப் புள்ளையே இல்ல சாமி," என்றாள் சவரியாயி.

சாமியார் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். அப்போது யாரோ கீழேயிருந்து அவள் சேலைத் தலைப்பை மெல்ல இழுத்தார்கள். கை ஈரமாக இருந்தது. பக்கத்தில் நிற்கும் குழந்தைகளில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். சவரியாயி குனிந்து பார்க்கவில்லை.