ஏழாவது காம்பு

ஆனி மாதச் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுக்குள் ஓர் ஈர வாடை வந்து குடியேறிவிடும். மூன்று நாளாகக் கொடியில் தொங்கும் பாவாடையிலும், நமத்துப்போன அப்பளத்திலும், பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் அதே வாடைதான். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று ஊர் உலகமெல்லாம் வேன் பிடித்து வரும். அருவிக்கும் தென்காசிக்கும் நடுவே மேலகரத்தில் குடியிருக்கும் எங்களுக்கோ சாரல் என்றால் துணி காயாது, தீக்குச்சி பற்றாது, பால் உறையாது. அந்தக் கடைசிச் சங்கதியால்தான் பதினொரு வயதில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்பாவுக்கு ஒரே ஓர் அண்ணன். எங்கள் பெரியப்பா, சிவகிரியில் மாந்தோப்பும் வயலுமாக இருந்தவர். மேலகரத்து வீட்டைக் கட்டி முடித்ததும் அப்பா பால் காய்ச்சுவதற்கு நாள் பார்த்தார். பார்த்த நாளை அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பத்திரிகையும் அடித்துவிட்டார். மறந்துபோனார் என்று அம்மா கடைசிவரை சாதித்தாள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. எதற்கெடுத்தாலும் அண்ணனைக் கேட்டே வளர்ந்த மனிதர், ஒரே ஒரு தடவை கேட்காமல் செய்து பார்ப்போமே என்று நினைத்திருப்பார். அச்சடித்த பத்திரிகையைப் பார்த்துத்தான் தம்பி வீட்டு விசேஷம் பெரியப்பாவுக்குத் தெரிந்தது. வந்தார். நிலைப்படியைத் தாண்டாமல் நின்றார். பந்தலில் இருந்த அத்தனை பேர் காதும் கேட்க, "இந்த வீட்டுல பச்சத் தண்ணி என் பல்லுல படாதுலே" என்று சொல்லிவிட்டு, விரித்த குடையை மடக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்து மனிதர்கள் கோபத்தில் கண்டதையும் சொல்லுவார்கள், பிறகு அதையே கட்டிக்கொண்டு அழுவார்கள். அடுத்த மூன்று வருஷத்தில் பெரியப்பா இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வரத்தான் செய்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அப்பாவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சுவரில் தொங்கிய காலண்டரிடம் சொல்லிவிட்டு, வைத்த காப்பி ஆடை கட்டக் கட்ட எழுந்து போனார். அந்தக் காப்பியை அம்மா கொல்லையில் கொட்டும்போது முகத்தைப் பார்க்க முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் பெரியப்பா மகள் செல்வி அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் குதிர்ந்தது. செல்வி அக்கா என்றால் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். "என் பக்கத்துலயே நிக்கணும்ட்டி, மாலைய நீதான் பிடிச்சிக்கிடணும்" என்று சொல்லி, எனக்கென்று பச்சையில் பட்டுப்பாவாடை எடுத்துவைத்திருந்தாள். ஆடி பிறந்துவிட்டால் பத்திரிகை வைக்க மாட்டார்கள் என்பதால், ஆனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகிற வழியில் எங்கள் வீட்டில் பத்திரிகை வைப்பது என்று சிவகிரியிலிருந்து தகவல் வந்தது. அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டே, "வரட்டும். ஆனா அண்ணன் இங்கன தண்ணி குடிக்காமப் பத்திரிகைய வச்சிட்டுப் போனாவன்னா, நானும் அங்கன பந்தியில உக்கார மாட்டேன். இந்த வீட்டுலேர்ந்து ஒரு குஞ்சு போவக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். பச்சைப் பாவாடை என் கண் முன்னாலேயே பறந்து போயிற்று. அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

ஆண்கள் இரண்டு பேரும் வார்த்தையை விட்டுவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தால் போதும். அவிழ்க்கிற வேலை பெண்களுடையது. சனிக்கிழமை காலையில் பெரியம்மா தெருமுனை பூத்திலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். பெரியம்மாவுக்குப் போனில் பேசினாலும் வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசுகிற குரல்தான், பக்கத்தில் நின்ற எனக்கு முழுவதும் கேட்டது. "பழம் நான் கொண்டாரேன். அவிய தோப்புப் பழம். மிச்சத்த நீ பாத்துக்கோ" என்றாள். அம்மா கொஞ்ச நேரம் போனைப் பிடித்தபடியே யோசித்தாள், அப்புறம் அவள் முகத்தில் ஒரு களை வந்தது.

பெரியப்பாவுக்குத் தயிரும் மாம்பழமும் என்றால் உயிர். தயிர்ச்சோறு போட்டால் அது சாப்பாடு, மனிதர் தொட மாட்டார். ஆனால் குற்றாலத்து சீசன் கடைகளில் விற்கிறார்களே, "மாம்பழ லெஸ்ஸி", அதைப்போல அவருடைய பழத்தையே தயிரில் அடித்து டம்ளரில் நீட்டினால்? "உங்க தோப்புப் பழம்தானே அத்தான், எங்க வீட்டுது என்ன இருக்கு இதுல" என்று கேட்டால் மனிதர் என்ன பதில் சொல்லுவார்? இதுதான் அம்மாவின் யோசனை. எந்த வக்கீலும் சிரிப்பான். ஆனால் பெரியப்பாவுக்கும் உள்ளுக்குள் ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சீனியும் ஏலக்காயும் வாங்கத் தென்காசிக்குக் கிளம்பும்போது, "பாலக் காச்சி வச்சிருக்கேன். கிண்ணத்துல ஒறைக்குத் தயிர் கெடக்கு, சூடு ஆறுனதும் மறக்காம ஊத்திரு. தயிரு கெட்டியா இல்லேன்னா நாளைக்கு மானம் போயிரும்" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

அந்தக் கிண்ணத்துத் தயிரை என் தம்பி குமார் மத்தியானமே சீனி போட்டு வழித்துச் சாப்பிட்டுவிட்டான். ஏழு வயசு. கேட்டதற்கு, "நீதானக்கா எடுத்துக்கோன்னே" என்றான். சொல்லியிருப்பேன், கதைப் புத்தகத்தில் தலையை விட்டுக்கொண்டிருந்தால் வீட்டையே எடுத்துக்கொள் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

நான் கிண்ணத்தைத் தேடி எடுத்தபோது தெருவில் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. ஓடினேன். எதிர்வீட்டு அத்தை வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தை மூடிக்கொண்டிருந்தாள். "ஒரு கரண்டி ஒறமோர் தாங்கத்த" என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. விளக்கு வைத்தபிறகு உறைமோரும் உப்பும் வீட்டைவிட்டு வெளியே போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். "ஐயோ, ஒரு நாழி முன்னால வரக்கூடாதாட்டி?" என்று அவளும்தான் வருத்தப்பட்டாள். நான் அழ ஆரம்பித்ததும், கிட்டே இழுத்து, "ஒங்க கொல்லையில மொளகாச் செடி நிக்கில்லா? காம்ப மட்டும் கிள்ளி ஏழு எண்ணிப் பாலுல போடு. மூடிச் சூடா வையி. காலையில கல்லு மாதிரி ஒறஞ்சிருக்கும்" என்றாள்.

கொல்லையில் நின்றது செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைக் "காந்தாரி". விரல் நகம் அளவே இருக்கும், கடித்தால் காது அடைக்கும். பின்வாசல் படியில் நின்று குமார் ஒவ்வொன்றாக எண்ண, சாரலில் நனைந்துகொண்டே கிள்ளினேன். ஆறு காம்பு ஒழுங்காக வந்தது. ஏழாவது காம்பு மிளகாயை விடவில்லை. நகத்தால் பிரிக்கப் பார்த்தபோது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா. அப்படியே பாலில் போட்டு, தட்டால் மூடி, பழைய போர்வையில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் இறக்கிவிட்டேன். "ஒறை ஊத்திட்டியா?" என்றாள். "ஊத்திட்டேன்" என்றேன். பொய் சொன்ன வாய் சாப்பிடும்போதுகூட உலர்ந்தே கிடந்தது.

காலையில் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து டிரம்மைத் திறந்தேன். அத்தை வாக்குப் பொய்க்கவில்லை, பாத்திரத்தைச் சாய்த்தாலும் அசையாத தயிர். மேலே மிதந்த காம்புகளைப் பொறுக்கினேன்: ஆறு. ஏழாவதைக் காணவில்லை. கரண்டியை விட்டுத் துழாவினால் தயிர் உடைந்துவிடும், அம்மா கண்டுபிடித்துவிடுவாள். வெள்ளைத் தயிருக்குள் வெள்ளை மிளகாயை எங்கே போய்த் தேட? ஒரே ஒரு காந்தாரி, அதுவும் முழுசாகக் கிடக்கும், கடைசியில் அடியில்தான் நிற்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். தலை ஈரம் காயாத பெரியப்பா வழக்கம்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அப்பா உள்ளறையில் இருந்துகொண்டு வெளியே வரவில்லை. பெரியம்மா கொண்டுவந்த பையை அம்மா சமையலறைக்குள் தூக்கிக்கொண்டு போனாள். தோல் சீவுகிற வாசனை கூடம்வரை வந்தது, மிக்ஸி இரண்டு தடவை ஓடி நின்றது. வெள்ளி டம்ளரில் விளிம்புவரை ஊற்றி, தட்டில் வைத்து, அம்மா பெரியப்பா முன்னால் நீட்டினாள். "உங்க தோப்புப் பழம்தான் அத்தான். எங்களுதுன்னு இதுல ஒண்ணுமில்ல" என்றாள்.

பெரியப்பா டம்ளரைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். "ஏன், சீனி எவன் வீட்டுது?" என்றார். "குடிங்களேன், பிள்ளைக்குக் கல்யாணத்த வச்சிக்கிட்டு" என்றாள் பெரியம்மா. தாம்பாளத்தில் பத்திரிகை கிடந்தது. கடைசியில் கை நீண்டது, டம்ளரை எடுத்தது.

அதே சமயம் யாரோ என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். குமார். மிக்ஸி ஜாரை வழித்து நக்கியிருக்கிறான். மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்ட, "ஏக்கா, எரியு…" என்று வாயைத் திறந்தான். மிளகாய் முழுசாகக் கிடக்கவில்லை, அரைபட்டுவிட்டது. "குடிக்காதீங்க பெரியப்பா" என்று கத்தியிருக்க வேண்டும். கத்தினால் டம்ளரைக் கீழே வைப்பார், பிறகு இந்த ஜென்மத்தில் எடுக்க மாட்டார், செல்வி அக்கா பக்கத்தில் வேறு எவளோ நிற்பாள். நான் கத்தவில்லை. குமாரின் வாயை இரண்டு கையாலும் பொத்தி, சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். என் விரல் இடுக்கில் அவன் கண்ணீர் வழிந்தது. பெரியப்பா அண்ணாந்து மடக் மடக்கென்று அரை டம்ளரை உள்ளே விட்டுவிட்டார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு செருமல். அப்புறம் புரை ஏறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க இருமினார். டம்ளர் உருண்டது. "தண்ணி, தண்ணி" என்று பெரியம்மா அலறினாள். அம்மா அசையவில்லை, தண்ணீரை யார் கையால் கொடுப்பது என்று திகைத்துப்போய் நின்றாள். அப்போதுதான் அப்பா வந்தார். உள்ளறையிலிருந்து எப்போது சமையலறைக்குப் போனாரோ தெரியாது, கையில் பித்தளைச் செம்பு. அண்ணன் முன்னால் போய் நின்று நீட்டினார். பெரியப்பா இருமிக்கொண்டே செம்பைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், தலையை வேண்டாம் என்று ஆட்டினார். செத்தாலும் குடிக்க மாட்டார் போல இருந்தது. நான் சாமியைக் கூப்பிடவில்லை, எந்தச் சாமி முகத்தில் விழிப்பது?

"வீம்பு பிடிக்காதண்ணே. கேக்காம நாள் குறிச்சது தப்புதான். குடி" என்றார் அப்பா.

பெரியப்பா செம்பைப் பிடுங்கினார். அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவர், செம்பை அப்பாவிடமே நீட்டி, "இன்னொரு செம்பு கொண்டாலே" என்றார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா சமையலறைக்கு ஓடியே போனார்.

பிறகு நடந்ததெல்லாம் வேடிக்கை. மிளகாய்ச் சாக்குக்குப் பக்கத்தில் பழத்தை வைத்திருப்பார்கள் என்று அம்மாவும், துவையல் அரைத்த ஜாரைக் கழுவாமல் அடித்திருப்பாள் என்று பெரியம்மாவும் சாகும்வரை ஒருவரை ஒருவர் குறை சொன்னார்கள். எதிர்வீட்டு அத்தை வாயே திறக்கவில்லை. குமாரும்தான். ஆவணியில் நான் பச்சைப் பாவாடை கட்டி செல்வி அக்காவின் பக்கத்தில் நின்றேன், அப்பா பந்தியில் சாம்பார் வாளி தூக்கினார்.

பெரியப்பா இல்லை. அப்பா, அம்மா, பெரியம்மா யாரும் இல்லை. சிவகிரித் தோப்பில் பிளாட் கல் ஊன்றியிருக்கிறார்கள். எதிர்வீட்டில் இப்போது யாரென்று எனக்குச் சரியாகத் தெரியாது, உறைமோர் கேட்டுப் போக வேண்டிய அவசியமும் இல்லை. மேலகரத்து வீட்டில் நான்தான் இருக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் குமார் வருஷம் தவறாமல் சீசனுக்கு வருகிறான், குற்றாலத்தில் ரூம் போடுகிறான். "உனக்கு எதுக்குக்கா சிரமம்" என்பான். கிளம்புகிற அன்று அரைமணி நேரம் வீட்டுக்கு வந்து, கொடுத்ததைக் குடித்து, தேங்க்ஸ் சொல்லி, போனைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறுவான். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை என்று நான் ஆத்திரப்பட்டதுண்டு. அவன் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானும் ஏதாவது வழி பார்த்திருப்பேன்.

இந்த ஆனியிலும் வந்தான். தென்காசியில் பழம் வாங்கி லஸ்ஸி அடித்துவைத்திருந்தேன். டம்ளரை நீட்டினேன். வாங்கியவன் குடிக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏழு காம்பையும் எடுத்துட்டியாக்கா?" என்றான்.

முப்பது வருஷமாக இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. "பாக்கெட் தயிர்லே, இதுக்கு ஏது காம்பு" என்றேன்.

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். "அப்ப எனக்குத் தண்ணி கொண்டா" என்றான்.

சமையலறைக்குள் போய்ச் செம்பைத் தேடினேன். மேல் தட்டு, கீழ் தட்டு, பரண் எல்லாம் பார்த்தேன், அந்தச் செம்பு எப்போது எங்கே போனதென்றே தெரியவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலில்தான் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.